குரங்குக்குப் போன காதல் கடிதம்

கடைசியாக எதைக் காப்பி செய்தீர்கள்? பார்க்காமல் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பேஸ்ட் செய்யுங்கள், பார்ப்போம். முடியாது, இல்லையா? கிளிப்போர்டில் பேங்க் ஓடிபியும் இருக்கலாம், வேறு யாருக்கோ எழுதிய 'செல்லமே'யும் இருக்கலாம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே புதுச்சேரியில் இருந்த ஒருவர் தன் மனசில் கிடந்ததை அப்படியே ஊர் முன்னால் கொட்டிவிட்டார். முறுக்கு மீசை, முண்டாசு, பின்னாலேயே பிரிட்டிஷ் உளவாளிகள். வேறு யார், பாரதியார்தான்!

1908-ல், அன்று பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த புதுச்சேரிக்கு வந்தவர், பத்து வருஷம் அங்கேதான் இருந்தார். கருவடிக்குப்பத்து மாந்தோப்புக்கு அடிக்கடி போவார். இன்று அதற்குப் பெயர் குயில் தோப்பு. அவருடைய 'குயில் பாட்டு' பிறந்த இடம். புரட்சிக்காரர் தோப்பில் வெடிகுண்டு திட்டம் போடுகிறார் என்று உளவாளிகள் நினைத்திருந்தால் பாவம், அவர் ஒரு பறவையைக் காதலித்துக்கொண்டிருந்தார்.

பாட்டில் குயிலும் உருகி உருகிப் பேசுகிறது. நாலாம் நாள் வா என்கிறது. நம்ம ஆளுக்குப் பொறுமை ஏது? மறுநாளே ஓடுகிறார். அங்கே அதே உருக்கத்தோடு குயில் ஒரு குரங்கிடம் பேசிக்கொண்டிருக்கிறது! அப்புறம் ஒரு கிழட்டு மாட்டிடமும். சுத்தமான மெயில் மெர்ஜ்: சரக்கு ஒன்றுதான், 'பெறுநர்' மட்டும் மாறுகிறார்.

அதிலும் குரங்கைப் புகழ்வதைக் கேளுங்கள். மனிதர்கள் மீசை தாடி வளர்த்து குரங்கு முகத்தைக் காப்பியடிக்கலாமாம். வாலுக்கு எங்கே போவார்கள்? தலைப்பாகையில் ஒரு வால் தொங்கவிடுவார்கள், அதெல்லாம் ஒரிஜினல் ஆகுமா என்கிறது குயில். மீசையும் தலைப்பாகையும் வைத்த எந்த மனிதர் மரத்தடியில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

கவிஞர் கத்தியை வீசுகிறார். குரங்கு தப்பிவிடுகிறது. பிரிட்டிஷாரையே நடுங்க வைத்தவருக்குக் குறி தப்பியதை எழுதியதும் அவரேதான்! நாமாக இருந்தால் அந்த வரியை டெலீட் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்போம்.

அப்புறம் குயில் சொல்லும் பூர்வஜன்மக் கதை, அதில் ஒரு சேர இளவரசன், பிறகு ஒரு முத்தம். குயில் பெண்ணாகிறது. அந்த நேரம் பார்த்துக் கனவு கலைகிறது. எதிரே பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் குவியல், பழம்பாய். தன் டெஸ்க்டாப்பையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டிவிட்டார் மனுஷர்.

கடைசியில் தமிழ்ப் புலவர்களைப் பார்த்து, இதில் வேதாந்தம் ஏதும் தேறுமா, சொல்லுங்களேன் என்று ஒரு கேள்வி. கிண்டல் என்று புரியாமல் பலர் உண்மையாகவே தேட ஆரம்பித்துவிட்டார்கள். தேடட்டும். யாராவது அந்தக் குரங்கின் தரப்பையும் ஓர் ஆய்வேடாக எழுதுங்களேன்.