அரண்மனை வில்லங்கம்

உறவுமுறை விஷயத்தில் ஆங்கிலம் மகா சோம்பேறி. பெரியப்பாவும் அங்கிள், சித்தப்பாவும் அங்கிள், தாய்மாமனும் அங்கிள். கல்யாண வீட்டில் இந்த மொழியை நம்பி யாரையும் சாப்பிடக் கூப்பிட முடியாது. ஆனால் அதே மொழியில் சொத்து என்று ஒரு பேச்சு எடுத்துப் பாருங்கள், தூங்குமூஞ்சி சட்டென்று எழுந்து கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். யாருக்கு எப்போது எந்த நிபந்தனையோடு என்று மயிரிழை பிளந்து, ஒவ்வொரு பிளவுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கும்.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் பெரியப்பா. அவர் ஆங்கில வாத்தியார் இல்லை, சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். இங்கிலாந்து ராஜ குடும்பத்தின் மேல் அவருக்குத் தீராத பிரியம். ராஜபக்தியெல்லாம் கிடையாது. “அவங்க தாய்ப்பத்திரம் மாதிரி ஒண்ணு இந்தப் பக்கம் எவன்கிட்டயும் இல்லடா. அவ்வளவு பழசு, அவ்வளவு வில்லங்கம்” என்பார். பிளஸ் டூ ஆங்கிலத்தில் நான் திணறிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டித்தான் எனக்குச் சொல் வளம் ஊட்டினார்.

முதல் பாடம் வாரிசு. எழுத்தில் ‘எச்’ இருக்கும், வாயில் வராது. ‘ஏர்’ என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஏர் பிடித்தவனுக்குப் பெரும்பாலும் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. அங்கே ஏர் என்றாலே நிலத்துக்காரன். அதிலும் இரண்டு ஜாதி. ‘ஏர் அப்பேரண்ட்’ என்றால் இனி யார் பிறந்தாலும் அசைக்க முடியாதவர். ‘ஏர் பிரிசம்டிவ்’ என்றால் இப்போதைக்கு இவர். நாளைக்கே தொட்டில் ஆடினால் எழுந்து இடம் கொடுக்க வேண்டியவர். எலிசபெத் 1936-இலிருந்து 1952-இல் மகாராணி ஆகும்வரை இந்த இரண்டாவது ஜாதிதான். அப்பாவுக்கு ஒரு மகன் பிறந்துவிட்டால் கதை முடிந்தது. பதினைந்து வருஷம் அந்தப் பெண் ரிசர்வேஷன் உறுதியாகாத டிக்கெட்டோடுதான் பிரயாணம் செய்திருக்கிறார்.

விக்டோரியா கதை இதைவிட விசேஷம். 1837 ஜூன் 20-ஆம் தேதி நான்காம் வில்லியம் இறந்தார். பதினெட்டு வயது தம்பி மகளை ராணி என்று பிரகடனம் செய்தார்கள். செய்தவர்கள் சும்மா இல்லாமல் கூடவே ஒரு ஷரத்தும் சேர்த்தார்கள்: காலமான மன்னரின் மனைவிக்கு இனி ஏதாவது குழந்தை பிறந்தால் அதன் உரிமைக்குப் பங்கம் இல்லாமல் இவர் ராணி. அந்த விதவை அடிலெய்டுக்கு அப்போது வயது நாற்பத்து நாலு. தகப்பன் செத்த பிறகு பிறக்கும் பிள்ளைக்கு ‘போஸ்துமஸ்’ என்று பெயர் என்பதை நான் இன்றுவரை மறக்காததற்குக் காரணம், அப்படிப் பிறக்காத அந்தப் பிள்ளைதான். “வில்லங்கத்தோடவே பதிவு பண்ணியிருக்கானுங்க பாரு” என்று பெரியப்பா தொழில்முறையில் வியந்தார். அந்த வில்லங்கப் பட்டாவை வைத்துக்கொண்டு விக்டோரியா அறுபத்து மூன்று வருஷம் ஆண்டார். ஆனால் அதே குடும்பத்துச் சொத்தான ஹானோவர் கைக்கு வரவில்லை; அங்கே ‘சாலிக்’ சட்டம், ஆண் வாரிசு இருக்கும்வரை பெண்ணுக்கு இல்லை. அதைச் சித்தப்பா ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். மன்னிக்கவும், அங்கிள் ஒருவர்.

கற்ற சொல்லை வீட்டில் பிரயோகம் செய்து பார்க்காவிட்டால் மறந்துவிடும் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். பாட்டி ‘டௌவேஜர்’, அதாவது விதவை ராணி, ஆனாள். அப்பா வெளியூர் போனால் அம்மா ‘ரீஜெண்ட்’. அப்பா ஊரில் இருந்தாலும் அம்மாதான் என்பது வேறு விஷயம். அண்ணன் ஏர் அப்பேரண்ட். நான்? ‘ஸ்பேர்’. இளவரசர் ஹாரி அந்தப் பெயரில் புத்தகம் போட்டுக் காசு பார்த்தது 2023-இல். எனக்கு அந்தப் பட்டம் அதற்கு வெகு காலம் முன்பே இலவசமாகக் கிடைத்துவிட்டது. அண்ணன் அதைத் தமிழ்ப்படுத்தி ‘ஸ்டெப்னி’ என்று கூப்பிட்டான். பிற்பாடு விசாரித்ததில், லாரிக்காரர்கள் தமிழ் என்றே நினைத்துப் புழங்கும் அந்தச் சொல் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் லனெல்லி என்ற ஊரிலிருந்து வந்தது தெரிந்தது. அங்கே ஸ்டெப்னி தெருவில்தான் அந்த மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். மூத்தவனுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம், இளையவனுக்கு வேல்ஸ் டயர். நியாயமான பாகப்பிரிவினைதான்.

‘அப்டிகேட்’ என்ற சொல்லை நானாகவே அகராதியில் பார்த்திருந்தேன். ‘முடி துறத்தல்’ என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்து முடியைத் துறந்தவர்கள் எல்லோரும் பழனிக்குப் போய்வந்தவர்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. “விடுதலைப் பத்திரம்டா அது” என்றார். சிம்சன் சீமாட்டியைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பர் 10-ஆம் தேதி எழுதிக் கொடுத்தது. எனக்கோ என் சந்ததிக்கோ இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று நம் ஊர் வாசகத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் எழுதியிருக்கிறார். அது செல்லுபடியாகப் பார்லிமெண்டில் சட்டம் வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கக் கணக்கில் அவர் ராஜா இல்லாமல் போனது 10-ஆம் தேதி, பிரிட்டனில் 11, அயர்லாந்தில் 12. ஒரு நாற்காலியிலிருந்து இறங்க ஒரு மனுஷனுக்கு மூன்று நாள் பிடித்திருக்கிறது.

பெரியப்பாவுக்கு அதில் உறுத்தல் வேறு. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் எட்வர்டின் மூன்று தம்பிகள். அவர்களில் மூத்தவர் ஆல்பர்ட்தான் அடுத்த ராஜா. “லாபம் அடையறவனே சாட்சி போடலாமாடா? நம்ம ஆபீஸா இருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். சாட்சின்னா அந்தச் சொத்துல ஒரு பைசா பலன் இல்லாதவனா இருக்கணும்.”

‘அப்டிகேட்’ என்ற இதே சொல்லுக்காக 1689-இல் பிரபுக்கள் சபையும் காமன்ஸ் சபையும் மோதிக்கொண்டதையும் சொன்னார். இரண்டாம் ஜேம்ஸ் ராஜமுத்திரையைத் தேம்ஸ் நதியில் போட்டுவிட்டு பிரான்ஸுக்கு ஓடிவிட்டார். ‘அப்டிகேட்’ செய்தார் என்று எழுத வேண்டும் என்றது காமன்ஸ். இல்லை, ‘டெஸர்ட்’, விட்டுவிட்டு ஓடினார் என்றே எழுதுவோம் என்றார்கள் பிரபுக்கள். முதல் சொல்லைப் போட்டால்தான் நாற்காலி காலி என்று அர்த்தம், மகள் மேரியையும் மருமகனையும் உட்கார வைக்கலாம். கடைசியில் பிரபுக்கள் இறங்கி வந்தார்கள். ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு ராஜ்யமே காத்துக்கிடந்தது என்று கேட்டபோது, எங்கள் மாதாந்திரத் தேர்வில் ‘பொருத்துக’ பகுதிக்கு நான் காட்டிய அலட்சியம் கொஞ்சம் குறைந்தது.

2015 மே மாதம் குட்டி இளவரசி சார்லட் பிறந்த சமயம் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தாள். பெரியப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, புதுச் சட்டப்படி இனிமேல் தம்பி பிறந்தாலும் அக்காவைத் தாண்ட முடியாது என்று உற்சாகமாக விளக்கினார். 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை.

“அப்ப அந்த மகாராணி பொண்ணு, ஆன்?” என்றாள் அத்தை.

“அவ 1950-ல பொறந்தவ. தம்பிங்க ரெண்டு பேருக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் பின்னாலதான். சட்டம் ரெட்ராஸ்பெக்டிவ் இல்லம்மா.”

“அப்படின்னா?”

“முன்னாடி நடந்ததுக்குச் செல்லாது.”

அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1988 தை மாதம். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம், 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு இல்லை என்றது. 2005-இல் மத்திய அரசு அந்தத் தடையை எடுத்தபோது, 2004 டிசம்பர் 20-க்கு முன் முடிந்துபோன பாகப்பிரிவினைகளைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை அதற்கு வெகு காலம் முன்பே பதிவாகிவிட்டிருந்தது. பத்திரம் எழுதியது பெரியப்பா, அழகான கையெழுத்து.

“ரெட்ராஸ்பெக்டிவ்” என்று அத்தை பிசிறில்லாமல் திருப்பிச் சொன்னாள். “ஏண்ணே, நம்ம பத்திரத்துல என்னைச் சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னியே, ஞாபகம் இருக்கா?”

பெரியப்பா பேப்பரை மடித்தார்.

“ஒரு பைசா பலன் இல்லாதவங்கதான் சாட்சி போடணும்னு நீ எப்பவும் சொல்லுவியே. சட்டப்படி சரியாத்தான் செஞ்சிருக்கண்ணே.”