படுக்கையறைப் பதிவியல்

எந்த ஆய்வுக்கும் முதல், கரு, உரி மூன்றும் வேண்டும். வீட்டு ஒலிப்பதிவுக்கூடத்துக்கு நிலம், வாடகை வீட்டின் பத்துக்குப் பத்து படுக்கையறை. பொழுது, யாமம். கருப்பொருள்: காகம், மிக்ஸி, பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கி. உரிப்பொருள், குக்கரின் கடைசி விசில் அடங்கும்வரை இருத்தல். யாமத்தில் குக்கர் ஏது எனின், யாமத்தில் பாடினால் மேல்வீட்டார் இறங்கி வருவராதலின், நடைமுறையில் ஞாயிறு முற்பகலே வாய்க்கும். யாமம் குறிஞ்சிக்கு உரியது, இருத்தலோ முல்லை ஒழுக்கம் என்பார்க்கு, திணைமயக்கம் என்பது விடை.

கூடம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டும் என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. 1982இல் வெளிவந்த 'நெப்ராஸ்கா' தொகுப்பை புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தாம் வாடகைக்கு இருந்த வீட்டில், நான்கு தடக் கேசட் கருவியில் பதிந்தார். பில்லி ஐலிஷின் 2019 தொகுப்பு லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் உருவாகி, மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் கூடத்தையும் சிலர் சான்று காட்டுவர். அது வீட்டில் அமைந்ததே அன்றிச் சிக்கனத்தில் அமைந்ததன்று, எனவே தள்ளுக.

கருவிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன், பழைய லேப்டாப். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், அதை இன்டர்ஃபேஸே கொடுத்துவிடும். ஆனால் அந்த மைக் எதிர்வீட்டுச் சண்டையையும் ஒரு சொல் விடாமல் பதியும். ஏழைப் பாடகனுக்கு டைனமிக் மைக்கே உற்ற துணை.

ஆராயத்தக்கது அறைதான். 1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக்கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று புகார் எழ, வாலஸ் சாபின் என்ற இளம் ஆசிரியரிடம் அதை ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழலை ஊதவைத்து, எதிரொலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. ஒலியை உறிஞ்சும் அளவுக்கு இன்றும் அவர் பெயர்தான் அலகு. மெத்தை தூக்கியவர் அங்கே அறிஞரானார். இங்கே தூக்கிப் பாருங்கள், கிடைப்பது வேறு.

சாபின் வழி வந்த நம் மதம், பீரோ மதம். கதவைத் திறந்து புடவை அடுக்கை எதிர்கொண்டு பாடினால், குரலின் மேல்தானத்து ஒலிகள் மடிப்புகளுக்குள் மாய்ந்துவிடும். கீழ்தானம் அப்படிப் போகாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைப் பிடிக்கும் தடிமனில் காஞ்சிபுரத்தில் இன்னும் நெய்யவில்லை. பத்தடிச் சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றானால் இரண்டு தேக்கமும் ஒரே இடத்தில் விழும். சதுர அறை கேடு. மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைப்பது ஓரளவு பரிகாரம்.

சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டுவோர் மதமும் உண்டு. மெல்லிய அட்டை கீழ்தானத்தை உறிஞ்சாது, வெளிச்சத்தத்தைத் தடுக்காது, தீப்பிடித்தால் நிற்காது. வெளிச்சத்தத்தைத் தடுக்கச் சுவரின் கனமும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். ஃபோம் ஒட்டினாலும் ஆகாது. இந்த மதத்தால் பயனடைந்தவை கரப்பான்பூச்சிகள் மட்டுமே.

மைக்கை வாயருகே வைத்துக்கொள்க. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும், அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். கார்டியாய்டு மைக் முதுகுப் பக்கம் மந்தமாகக் கேட்கும். ஆகவே அதன் முதுகு அடுக்களையை நோக்கட்டும். மின்விசிறியை அணைத்தே ஆகவேண்டும். மே மாதத்தில் சென்னைப் பாடகர்கள் இரண்டாம் சரணத்தில் அவசரப்படுவதன் காரணம் இசையறிவுக் குறைவன்று.

மைக் வாங்கக் கிளம்புமுன், பீரோ சாவி யாருடைய இடுப்பில் இருக்கிறதோ அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பட்டுப்புடவை அடுக்கு கலையாது என்று எழுதிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருங்கள்.