கபரகொய்யா மாமா

வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய ஒழுங்கைகளில் இப்படி ஒருவர் எப்படியும் இருப்பார். சொந்தப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. கபரகொய்யா மாமா என்றால் ஓட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். வங்கியிலோ திணைக்களத்திலோ இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் கனடாவில். பின்மதிலுக்கு அப்பால் கால்வாய். வடிகான் வழியாக வந்துபோகிற நாலடிக் கபரகொய்யா ஒன்றைத்தான், உடும்பைப் போன்ற அந்த நீர்ப்பல்லியைத்தான், அவர் "எங்கட ஆள்" என்கிறார்.

"வளர்க்கிறீங்களோ?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உடனே வெளியே வரும். "நான் வளர்க்கேல்லைத் தம்பி. அவர் வந்து போறவர்."

உடும்பு என்று சொன்னால் அதைவிடப் பிழை. உடும்புக்கு மூக்குத்துவாரம் கண்ணுக்கும் மூஞ்சி நுனிக்கும் நடுவில் கீறல்போல இருக்கும். கபரகொய்யாவுக்கு நுனியருகே, வட்டமாக. "கண்டியில கைதியாக் கிடந்த றொபேட் நொக்ஸே ரெண்டையும் பிரிச்சு 1681இல புத்தகம் போட்டிட்டான். நீர் வெள்ளவத்தையில இருந்துகொண்டு உடும்பு எண்டுறீர்!" தலகொயாவின், அதாவது நம் உடும்பின், நாக்கைப் பச்சையாக விழுங்கினால் பேச்சு வன்மை வரும் என்று சிங்களவரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. மாமா விழுங்கியதாகத் தகவல் இல்லை. தேவைப்பட்டிருக்காது.

அவருடைய ஒரே கவலை, ஆள் சாப்பிடுவதில்லை. "சரியான வெக்கம் தம்பி. பழகவேணும்." வாலால் ஒரு வீச்சு வீசினால் நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடும், அந்தப் பிராணிக்குத்தான் வெட்கம். ஆனால் மாமாவின் பாடம் சுத்தமானது. காலை வெயிலில் கிடந்து உடம்பு சூடேறினால்தான் அதற்குப் பசிக்கும், தின்றதும் செமிக்கும். பெரிதாய் ஒன்றை விழுங்கிவிட்டால் சில நாட்களுக்குத் திரும்பியும் பாராது. ஒளிந்துகொள்ள இருட்டு மூலை வேண்டும். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் பருந்தென்று பயந்துவிடும். ஆகவே தனியே விட்டுவிட வேண்டும். எல்லாம் உண்மை. இவ்வளவையும் அவர் மதிலுக்கு மேலால் குனிந்துகொண்டு, மேல்மாடிக்காரர், கீழ்மாடிக்காரர், பால் கொண்டுவந்த பெடியன் எல்லாரையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, காலி வீதிக்குக் கேட்கிற குரலில் விளக்குவார். ஒளிந்துகொள்ளத் தகரத்துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார். சுகமாக ஒளிந்திருக்கிறதா என்று அடிக்கடி தூக்கியும் பார்ப்பார்.

விடிந்ததும் சந்தைக்குப் போய் மீன்தலை வாங்குவார். நல்ல சூரைத்தலை, பேரம் பேசாமல். வீட்டுக்கு வாங்கும்போது கீரிமீனுக்கே அரைமணி நேரம் வாதாடுகிறவர். "மனுசர் சாப்பிட்டாச்சோ எண்டு கேக்க இந்த வீட்டில ஆளில்லை," என்று மாமி குசினியிலிருந்து சொல்வது அவருக்குக் கேட்காது.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். அன்று வீட்டு வாசலுக்கு மச்சம் வராது. ஆனாலும் விருந்தாளியைப் பட்டினி போடலாமா? இடியப்பத்தில் சொதி ஊற்றித் தட்டோடு வைப்பார். கபரகொய்யா இரட்டை நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் மணம் பிடிக்கும். நாக்கில் ஒட்டுகிற மணத்தை அண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பு பகுத்துச் சொல்லிவிடும். தேங்காய்ப்பால் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடும். "பாத்தீரே, அவரும் வெள்ளி பிடிக்கிறார்!" அதே விரதகாரர் பின்னேரம் கால்வாய்க்கரையில் செத்த எலியொன்றோடு மினக்கெடுவதை ஒழுங்கை முழுதும் பார்க்கும். மாமா அந்தப் பக்கம் திரும்பமாட்டார். காட்டுப் பிராணிக்குத் தீனி போடாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது என்பது என் கட்சி. ஆனால் அதை அவரிடம் சொல்வதற்கு இடைவெளி கிடைக்க வேண்டுமே.

மே மாத மழை தொடங்கி வெயில் மறைந்துவிட்டால் ஆள் தலையே காட்டாது. வெயில் பாடம் நடத்திய அதே மாமா அப்போது, "நாவூறு பட்டிட்டுது," என்று செத்தல் மிளகாய் தேடுவார்.

ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். மாமா காலையில் போய் இரவுதான் வந்தார். இடையில் மாமி மீன் வெட்டி, செதிலையும் குடலையும் மதிலுக்கு அப்பால் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ரிவி பார்க்கப் போய்விட்டார். வந்தது ஒன்றல்ல, மூன்று. ஐந்து நிமிடத்தில் இடம் துப்புரவு. மேல்மாடிக்காரர் பார்த்ததை மாமாவிடம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மாமா மாமியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: "உண்மையைச் சொல்லும். என்ன சொல்லிக் கூப்பிட்டனீர்?"