வீட்டுக்கு ஒரு கடல்

பெசன்ட் நகர்க்காரர் வீட்டுக்குள்ளும் ஒரு கடல் வைத்திருப்பது அவசியம்தான். வங்காள விரிகுடாவை எப்படி நம்புவது? உப்பு அதில் இலவசமாயிற்றே!

நண்பர் பழைய கடல்மீன் தொட்டி வாங்கினார். ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரிலிருந்த உப்பை எடுத்தது. அவர் லிட்டருக்கு 35 கிராம் வெளிநாட்டு உப்பைப் போட்டார். பழைய மணலில் குடியிருந்த பாக்டீரியாவைக் குளோரின் தண்ணீரில் கழுவி ஒழித்தார். பிறகு அதே பாக்டீரியாவைப் பாட்டிலில் காசு கொடுத்து வாங்கினார். என்ன சுத்தம்!

அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் அம்மோனியாவுக்காகப் போட்ட இறால் அழுகி, கூடமே காசிமேடாக மணத்தது. அவர் தினமும் சோதனைக்குழாயில் நிறம் பார்த்தார். ஆறு வாரத்தில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம்.

“மீன் எப்போ சார்?” என்றேன்.

பதறிவிட்டார். “மீனா? அதை விட்டா அம்மோனியா ஏறிடாதா?”