கிரெஷ் ஆன்ட்டியின் மூக்கு

மடிப்பாக்கம், நங்கநல்லூர், கீழ்க்கட்டளைப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் மிக்கி மவுஸ் மாதிரி ஒரு பிராணி இருக்கும். காது சரியாக இருக்கும், கால்சட்டை சரியாக இருக்கும், முகம் மட்டும் வார்டு கவுன்சிலர் சாயலில் இருக்கும். அந்த வீட்டின் கீழ்ப் போர்ஷன்தான் கிரெஷ். காலை எட்டு மணிக்குக் காட்டன் புடைவையும் மூக்குக்கண்ணாடியும் அட்டெண்டன்ஸ் நோட்டுமாக வாசற்படியில் நிற்பவர் கிரெஷ் ஆன்ட்டி. அவருக்கும் வீட்டார் வைத்த பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் பார்க்கலாம்.

நோட்டு ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் வேலை செய்வது மூக்கு. குழந்தையை அம்மா கையிலிருந்து வாங்கித் தோளில் சாய்த்துக்கொள்கிற அந்த ஒரு மூச்சில், காலையில் அது என்ன சாப்பிட்டது என்பது ஆன்ட்டிக்குத் தெரிந்துவிடும். மால்ட் பவுடர் கலந்த பாலுக்கு ஒரு வாசனை, சாக்லேட் சீரியலுக்கு ஒரு வாசனை, ஜாமுக்கு ஒரு வாசனை. ஜாம் மிக்ஸட் ஃப்ரூட்டா, மாம்பழமா என்பது வரை போவார். மூக்குக்குத் தப்பியதை எறும்பு காட்டிக்கொடுக்கும். வராந்தாவில் பை மாட்டுகிற ஆணிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்பது மணிக்கு எந்தப் பையின் கீழே எறும்பு சாரை பிடிக்கிறதோ, அந்தப் பைக்குரிய பெற்றோருக்கு அன்று சாயங்காலம் விசாரணை.

விசாரணை என்றால் சத்தம் போடுவார் என்று நினைக்க வேண்டாம். ஆன்ட்டி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பல வருஷம் கோப்பு பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். குரலை உயர்த்தாமல் மெமோ கொடுக்கத் தெரியும்.

"என்னம்மா, பாப்பாவுக்குக் காலைல இட்லி குடுத்தியா?"

இட்லி கொடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்.

"குடுத்தேன் ஆன்ட்டி. வாயையே திறக்கல. அதான்..."

"அதான்?"

"கொஞ்சம் சாக்லேட் சீரியல். பால்ல போட்டு."

"பால்லயா. அப்ப சரி. பால் நல்லது" என்பார் ஆன்ட்டி. அந்த 'அப்ப சரி'யைக் கேட்ட அம்மா, பஸ் ஸ்டாப் வரைக்கும் அழாத குறையாகப் போவாள்.

அப்பாக்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "ஏதோ சாப்பிட்டான் ஆன்ட்டி" என்ற ஒரே வாக்குமூலம்தான் வரும் என்று அனுபவத்தில் தெரியும். தொப்பியா ஷூவா, எதைக் கொண்டுவர மறந்தோம் என்ற கவலையில் நிற்கிற மனிதனைச் சர்க்கரை பற்றிக் கேட்டு என்ன பிரயோஜனம்?

குற்றங்களுக்கு ஆன்ட்டியிடம் தரவரிசை உண்டு. இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வது, தோசைக்கு நெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டிக் கொடுப்பது எல்லாம் எச்சரிக்கையோடு விடப்படும். உளுந்து உள்ளே போயிருக்கிறதே என்று சமாதானம். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்றால் குற்றமே இல்லை, அது பாரம்பரியம். பிரெட் ஜாம் நடுத்தரம். பெட்டியில் வருகிற சாக்லேட் சீரியலும், அதை முடித்த கையோடு மால்ட் பாலும் என்றால் வழக்கு பதிவாகும். மூன்று வயதுப் பிள்ளை, சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் உறிஞ்சிக்கொண்டே தூங்கி வந்து இறங்கினால் ஜாமீன் கிடையாது. அந்தப் பிள்ளையின் உதட்டை விரலால் தூக்கி முன்பல்லைக் காட்டுவார். ஓரத்தில் பழுப்பு.

"பால் பல்தானே ஆன்ட்டி, விழுந்துடும்."

"முன்பல்லு ஆறு ஏழு வயசுல விழும். கடைவாய்ப் பல்லு பத்து பன்னெண்டு வரைக்கும் இருக்கணும். அதுவரைக்கும் எதால மெல்லுவான், உங்க ஆபீஸ் லேப்டாப்பாலயா?"

பல் விஷயத்தில் ஆன்ட்டி சொல்வது அச்சு அசலாகப் பல் மருத்துவர்கள் சொல்வதுதான். வாயில் பாட்டிலோடு தூங்குகிற குழந்தைக்கு ராத்திரி முழுக்கப் பல்லில் சர்க்கரை தங்குகிறது, கிருமிக்கு வேட்டை.

கணக்கும் அவருக்குப் பாடம். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, ஒரு நாளைக்கு உடம்புக்குப் போகிற கலோரியில் சேர்த்த சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று. மூன்று வயதுப் பிள்ளை நாளுக்கு ஆயிரம் கலோரி சாப்பிட்டால், அந்த 5 சதவீதம் என்பது சுமார் 13 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சொச்சம். சாக்லேட் சீரியல் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 100 கிராமுக்கு 30 கிராமை ஒட்டிச் சர்க்கரை போட்டிருக்கும்; ஒரு கிண்ணத்துக்கு இரண்டு ஸ்பூன். மால்ட் பவுடர்கள் பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. தம்ளருக்கு ஒன்றரை ஸ்பூன். அதற்கு மேல் அம்மா தன் திருப்திக்கு ஒன்று போடுகிறாள். ஆக எட்டு மணிக்குள் நாளின் கோட்டா முடிந்து, நாளைக்கான அட்வான்ஸும் வாங்கியாயிற்று. இந்தப் பவுடர்களை எல்லாம் 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியபோது, ஆன்ட்டி அந்தச் செய்தியைக் கத்தரித்து ஷூ வைக்கிற ஸ்டாண்டுக்கு மேலே ஒட்டினார். பெற்றோர் குனிந்து நிமிர்கிற இடம் அதுதான் என்று கணித்து ஒட்டியது.

2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சுகர் போர்டு' வைக்க வேண்டும் என்று. சி.பி.எஸ்.இ.க்கும் ஆன்ட்டி வீட்டு வராந்தாவுக்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் சுற்றறிக்கை என்ற ஒன்றைக் கண்டால் ஓய்வுபெற்ற அரசு ஊழியரின் கை சும்மா இருக்குமா? மறுவாரமே ஒரு கரும்பலகை வந்தது. 'காலை உணவும் சர்க்கரையும்' என்று தலைப்பு, அடிக்கோடு, வரிசை எண். ஒவ்வொரு டிபனுக்கும் எதிரே ஸ்பூன் படம். ஸ்பூன்களை வரைந்தவரும் மிக்கி மவுஸை வரைந்தவர்தான் போலிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தவளைக் குஞ்சுகள்.

ஆன்ட்டியிடம் ஒரே ஒரு விஷயத்தில் நான் கட்சி மாறுவேன். சர்க்கரை சாப்பிட்ட பிள்ளைக்குத் தலைகால் தெரியாது, சுவரேறிக் குதிக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத சித்தாந்தம். "இன்னிக்கு அவன் ஜாம்ல வந்திருக்கான், பாத்துக்கோ" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு, அந்தப் பையனின் பின்னாலேயே நடப்பார். ஓடாதே, ஏறாதே, அதைத் தொடாதே. 1994-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சோதனை செய்தார்கள். சர்க்கரை என்றால் என் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லும் தாய்மார்களையும், ஐந்து முதல் ஏழு வயது வரையிலான அவர்களுடைய பையன்களையும் கூப்பிட்டார்கள். பையன்கள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத செயற்கை இனிப்பு. பாதித் தாய்மாரிடம் மட்டும், சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவைத்தார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் பையன்கள் ரொம்பத் துள்ளுவதாக மார்க் போட்டார்கள். வீடியோவில் பார்த்தால், துள்ளியது இருக்கட்டும், அம்மாக்கள்தான் பையன்களைவிட்டு நகராமல் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வருஷம் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை.

இதை ஆன்ட்டியிடம் ஒரு முறை பக்குவமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அமெரிக்கால ஒரு அம்மாவுக்கு ஒரு புள்ள. இங்க எனக்கு இருபது. வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். விஞ்ஞானத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆனால் பத்தேகால் மணி அழுகை என்று ஒன்று உண்டு, அதில் ஆன்ட்டி சொல்வதை எந்த ஆய்வும் வேண்டாமல் நம்பலாம். தித்திப்புப் பாலில் வயிறு ரொம்பி வந்த பிள்ளைக்குப் பத்தேகாலுக்குப் பசி. அதற்கு முதலில் அது பசி என்று தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும். பிறகு அழும். அந்தப் பிள்ளையும் அழும். எதற்கென்றே தெரியாமல் மூலையில் பொம்மை காரை உருட்டிக்கொண்டிருந்த மூன்றாவது பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் பெற்றோர் எல்லோரும் ஓ.எம்.ஆரில் ஏசி அறைகளில் மீட்டிங்கில் இருக்கிறார்கள். அழுகை முழுவதும் ஆன்ட்டி கணக்கில்.

ஆயா இந்த விவகாரத்தை வேறு கோணத்தில் பார்க்கிறார். அவருடைய பேரன் மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், மறுவருஷம் ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்ததே, அதில் சாப்பிடுகிறவன். "எம் பேரன் இன்னிக்கு ஸ்கூல்ல பொங்கல் சாம்பாரும்மா. காயெல்லாம் போட்டு. இதுங்க மாசம் எட்டாயிரம் கட்டிட்டு அட்டைப் பொட்டியைத் துன்னுதுங்க" என்று வராந்தாவைக் கூட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொல்வார். காரில் வந்து இறங்கிய அம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுகர் போர்டைப் பார்ப்பாள்.

பெற்றோரும் சும்மா இருப்பவர்கள் அல்லர். போர்டு வந்த மாதத்திலேயே வெள்ளைச் சர்க்கரை தெருவைவிட்டே ஓடிவிட்டது. நாட்டுச் சர்க்கரை வந்தது. அப்புறம் தேன், பேரீச்சம்பழ சிரப், ராகி என்று பெரிதாக அச்சடித்து அதற்குக் கீழே பொடியாகக் கரும்புச் சர்க்கரை என்று போட்ட குக்கீஸ். "ஆன்ட்டி, நாங்க இப்ப ஒயிட் ஷுகரே வீட்ல வாங்கறதில்ல" என்று முகமெல்லாம் வெளிச்சமாக ஒருத்தி வந்து சொன்னாள். ஆன்ட்டி பையைத் திறந்து முகர்ந்தார். "நாட்டுச் சர்க்கரையா? பேரு மாறினா மட்டும் பல்லுக்குத் தெரியாதா?" என்றார். அந்தப் பெண்ணின் வெளிச்சம் அணைந்தது.

இதே வாயால்தான் ஆன்ட்டி கருப்பட்டிக்கு விதிவிலக்கு அளித்திருக்கிறார். அவருக்குப் பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கிய செய்தி வந்த அன்று கிரெஷ்ஷில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கருப்பட்டிப் பணியாரம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான் என்று நாம் ஆரம்பித்தால், "அது மருந்து" என்று கோப்பை மூடிவிடுவார். இந்த மருந்துக்கு அளவு கிடையாது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் கிடையாது.

ஆன்ட்டியின் கதையில் ஒரு பக்கத்தை அவர் வாசிக்க விடுவதில்லை. ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ஆன்ட்டி தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் தினமும் போய்வந்தவர். ஏழேமுக்கால் வண்டியை விட்டால் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் சிவப்பு மை. வாய் திறக்காத பையனை மடியில் போட்டு, குளுகோஸ் பிஸ்கட்டைச் சர்க்கரைப் பாலில் நனைத்து நனைத்துத் திணித்துவிட்டு, மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். பையன் இப்போது பெங்களூரில் இன்ஜினீயர். இரண்டு கடைவாய்ப் பல்லில் கேப். அதனாலோ என்னவோ, கேட் வாசலில் வண்டியைக்கூட அணைக்காமல் பிள்ளையை நீட்டுகிற அம்மா என்றால் மட்டும் ஆன்ட்டி எதுவும் கேட்பதில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போய், தன் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு இட்லியைப் பிசைந்து பருப்புப்பொடியும் நெய்யும் போட்டு ஊட்டிவிடுவார். மாதக் கட்டணத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் அம்மா, ஆடிட்டர். மூன்றாம் நாளே சுகர் போர்டை மேலிருந்து கீழ் வரை படித்தாள். அப்புறம் அலமாரியில் நாலு மணிக்காக எடுத்து வைத்திருந்த மேரி பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இதுல 100 கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கே?"

வராந்தாவில் துடைப்பச் சத்தம் நின்றது.

"அது மேரிம்மா" என்றார் ஆன்ட்டி.

"பிஸ்கட்தானே ஆன்ட்டி?"

"மேரி வேற, பிஸ்கட் வேற. காய்ச்சல்காரனுக்கே டாக்டர் மேரி குடுக்கச் சொல்வார்."

"போர்டுல இது இல்லையே? வாரத்துக்கு ரெண்டு பர்த்டே கேக் வருதே, அதுவும் இல்ல."

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைப்பைப் படிக்கச் சொன்னார். காலை உணவு என்று இருக்கிறதா? இருக்கிறது. நாலு மணி காலையா? இல்லை. அப்படியென்றால் அந்தப் பொருள் இந்த அறிவிப்பின் வரம்புக்குள் வராது, தேவைப்பட்டால் தனிக் கோப்பாக எழுதிக் கொடுக்கலாம் என்றார். ஆடிட்டர் அம்மாவுக்கு இந்த மொழி புரிந்தது. தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை போர்டின் அடியில் பொடி எழுத்தில் புதிதாக ஒரு வரி: 'மேற்கண்ட அளவுகள் காலை 9 மணி வரை வழங்கப்படும் உணவுக்கு மட்டுமே பொருந்தும். பிறந்தநாள், கருப்பட்டி நீங்கலாக.' கீழே தேதி போட்டு, சுருக்கொப்பம்.