வாபஸ் இயல்: பொழுதுபோக்குச் சதுரங்கத்தில் வைத்த காயைத் திரும்ப எடுத்தல் குறித்து

சதுரங்கம் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குக் கணக்கில்லை. முதல் பத்து நகர்த்தல்களுக்கு மட்டுமே அலமாரி அலமாரியாக உண்டு. ஆனால் திண்ணையிலும் விடுதி அறையிலும் ரயில் பெட்டியிலும் ஆடப்படும் செஸ்ஸில் எந்த நகர்த்தல் மிகுதியாக ஆடப்படுகிறதோ, அதற்கு ஓர் அத்தியாயம்கூட ஒதுக்கப்படவில்லை. வைத்த காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நகர்த்தலே அது. வழக்கில் வாபஸ் எனப்படும். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் நான்காவது பிரிவு முழுக்க முழுக்க ஆட்டக்காரரின் கையைப் பற்றியது. மனப்பாடத்துக்கு வசதியாக நூற்பாவாகச் சுருக்கினால் இப்படி வரும்:

தொட்டது நகர்த்துக; விட்டது விடுக;
பட்டது பொறுக்க, பகர்ந்தபின் திருத்துக.

இதற்கு உரை: ‘தொட்டது நகர்த்துக’ என்றது, தன் முறையில் வேண்டுமென்றே தொட்ட தன் காயை நகர்த்தியே ஆகவேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்டியே ஆகவேண்டும் என்றவாறு. ‘விட்டது விடுக’ என்றது, கட்டத்தில் வைத்துக் கையை விட்டபின் அக்காய்க்கு வேறு கட்டம் இல்லை என்றவாறு. ‘பட்டது பொறுக்க’ என்றது சட்டைக் கை பட்டு விழும் சிப்பாய்களைக் கருதி. ‘பகர்ந்தபின் திருத்துக’ என்றது, கோணலாக நிற்கும் காயை நேராக்க விரும்புவோர் அதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதற்கு. அப்படிச் சொல்ல உலகெங்கும் வழங்குவது ‘ஜதூப்’ என்னும் பிரெஞ்சுச் சொல். அற்றேல், தொட்ட காய்க்குப் போக வழியே இல்லையெனின்? வேறு எதையும் ஆடலாம் என்பது இன்றைய விதி. பழைய விதிகளிலோ அதற்குத் தண்டனையாக ராஜாவை நகர்த்தவேண்டி இருந்தது. சிப்பாயைத் தொட்ட பாவத்துக்கு ராஜா நடந்த காலம் அது.

இவ்வளவும் போட்டி அரங்குகளுக்கு. வீட்டுக்குள் ஃபிடேயின் அதிகாரம் செருப்பு விடும் இடத்தோடு நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பது விரல் சட்டம்.

விரல் சட்டத்தின் மூலக் கோட்பாடு ‘கையே எடுக்கலையே!’ என்பதாகும். காயைக் கட்டத்தில் வைத்தாயிற்று; ஆயினும் ஆள்காட்டி விரலின் நுனி குதிரையின் தலைமேல் இருக்கும்வரை குதிரை எங்கும் வந்து சேரவில்லை என்று கொள்ளப்படும். விரலை அங்கேயே விட்டுவிட்டு மற்ற உடம்பு எழுந்திருக்கலாம், பலகையை வலப்புறத்திலிருந்து பார்க்கலாம், எதிராளியின் தோளுக்குப் பின்னால் வரை எட்டிப் பார்த்துவிட்டும் வரலாம். இது சிந்திப்பதற்கான அவகாசம் என்பார் ஒருசாரார். அற்றன்று. இது எதிராளியின் முகத்தைப் படிப்பதற்கான அவகாசம். அவன் கண் லேசாக விரிந்தால் குதிரை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். ஆகையால்தான் தேர்ந்த வீட்டு ஆட்டக்காரன், எதிரி தவறான கட்டத்தில் காயை வைக்கும் கணத்தில் மின்விசிறியைப் பார்க்கிறான். விசிறியை ஒருவன் காரணமின்றி அண்ணாந்து பார்த்தால் யானைக்கு ஆபத்து என்று அறிக. இதையும் தெரிந்துவைத்திருக்கும் எதிரிக்காக, ஆபத்தில்லாதபோதும் விசிறியைப் பார்க்கும் மேல்நிலை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஆடுவது கழுத்துக்கு நல்லதல்ல.

விரலை எடுத்தபின் வருவது கோரிக்கை. அதன் சொற்கள் காயைப் பொறுத்தவை அல்ல, உறவைப் பொறுத்தவை. மாமாக்கள் கேட்பதில்லை. “இரு, இரு, இரு” என்று மும்முறை சொல்லிக் காயை எடுத்துவிடுவார்கள். முதல் ‘இரு’ மனு, இரண்டாவது தீர்ப்பு, மூன்றாவது நிறைவேற்றம். அதே மாமாவிடம் மருமகன், “ஒரே ஒரு வாட்டி மாமா” என்றால், “டேய், ஆட்டம்னா ஆட்டம்டா. இப்பவே கத்துக்கணும்” என்று பதில் வரும். சமவயது நண்பர்களிடையே வழங்கும் வாசகம் “டேய், நான் பாக்கலடா.” இதைத் தர்க்க நோக்கில் ஆராய்ந்தால் காரணமாகவே நிற்காது. பார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு எதனாலும் செஸ்ஸில் யாரும் தோற்பதில்லை. எனினும் இவ்வாசகத்துக்கு இரங்காத நண்பனை இதுவரை காணோம். ஏனெனில் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அவனுக்கும் அது தேவைப்படும்.

இங்கே ஒரு பொருளியல் புதிர் எழுகிறது. பாடநூல்களில் சிப்பாய்க்கு மதிப்பு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. அப்படியானால் ராணியை வாபஸ் பெறுவது சிப்பாயை வாபஸ் பெறுவதைவிட ஒன்பது மடங்கு கடினமாக இருக்கவேண்டும். நடப்பது நேர்மாறு. ராணியைத் தூக்கிக் கொடுத்தவனுக்குக் கேட்பதற்கு முன்பே அது திருப்பித் தரப்படுகிறது. சிப்பாய்க்கோ உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது. காரணம் எளிது. ராணி போனால் ஆட்டமே முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி இருக்கிறது. சிப்பாய் போனால் ஆட்டம் நடக்கும், அதோடு நமக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆகவே வாபஸ் என்பது கருணையன்று, பொழுதைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு என்பது எம் துணிபு.

இத்துணிபுக்கு எதிர்ச்சான்று கொண்டும் வலுச்சேர்க்கலாம். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல் ஆட்டம் ஆடிய கதை பலரும் அறிந்தது. அங்கே வென்றவர் உட்கார்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். பின்னால் நிற்பவர்கள் எல்லாருக்கும் நீங்கள் தோற்பதில் சொந்த அக்கறை உண்டு என்றால், ‘பாக்கலடா’ என்பதை யார் காதில் வாங்குவார்? வரிசை இருக்கும் இடத்தில் வாபஸ் இல்லை. பொழுது போகாத இடமே அதன் தாயகம்.

எத்தனை நகர்த்தல் பின்னால் போகலாம் என்பது அடுத்த சிக்கல். ஒன்று வரை தகராறு இல்லை. “அதுக்கு முன்னாடியே தப்பு பண்ணிட்டேன்” என்று ஒருவர் இரண்டாவதைக் கேட்டால், “அப்ப நானும் அத ஆடியிருக்க மாட்டேன்” என்று மற்றவர் மூன்றாவதைக் கேட்பார். வீட்டில் யாரும் நகர்த்தல்களை எழுதிவைப்பதில்லை. எனவே பழைய நிலை இரண்டு நினைவுகளிலிருந்து மீட்டெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு நினைவிலும் அந்த நினைவுக்குரியவரின் மந்திரி சற்று நல்ல இடத்தில் நிற்கும்.

பெரிய ஆட்டக்காரர்கள் இதற்கு அப்பாற்பட்டவர்கள் என்று எண்ணவேண்டாம். 1967-இல் துனிசியாவின் சூஸ் நகரில் நடந்த போட்டியில் யூகோஸ்லாவிய கிராண்ட்மாஸ்டர் மிலான் மடுலோவிச், பிலெக்குக்கு எதிராக மந்திரியை வைத்தார். வைத்த இடம் தப்பென்று கண்டதும் ‘ஜதூப்’ என்று சொல்லித் திரும்ப எடுத்துவிட்டு வேறு காயை ஆடினார். பிலெக்கின் முறையீடு எடுபடவில்லை. ஆனால் சதுரங்க உலகம் மடுலோவிச்சுக்கு ‘ஜதூபோவிச்’ என்று பெயர் வைத்துவிட்டது. 1994-இல் லினாரெஸில் காஸ்பரோவ் குதிரையை வைத்து, கண நேரம் விட்டு, மீண்டும் பற்றி வேறு கட்டத்துக்குக் கொண்டுபோனார். எதிரே இருந்த யூதித் போல்காருக்கு அப்போது 17 வயது, அங்கேயே முறையிடவில்லை. காஸ்பரோவ் வென்றார். சுமார் கால் விநாடி கை விலகியிருந்ததைப் பின்னர் தொலைக்காட்சிப் பதிவு காட்டியது. 2016 மாஸ்கோ கேண்டிடேட்ஸ் போட்டியில் நகமுரா ராஜாவைத் தொட்டுவிட்டு ‘ஜதூப்’ என்றபோது ஆரோனியன் விட்டுக்கொடுக்கவில்லை. ராஜாவையே நகர்த்தவேண்டி வந்தது; ஆட்டமும் போனது. மூன்றிலும் ‘இரு, இரு, இரு’ கேட்கவில்லையா உங்களுக்கு? எமக்குக் கேட்கிறது.

இனி இணையம். ‘ஜதூப்’ தந்த அதே பிரான்ஸிலிருந்து 2010-இல் திபோ டுப்ளெசி தொடங்கிய லிச்செஸ் தளத்தில் வாபஸ் ஒரு பொத்தானாக இருக்கிறது. அழுத்தினால் எதிராளியின் திரையில் கோரிக்கை தோன்றும். அவர் ஏற்கலாம், மறுக்கலாம். யாருக்குமே தருவதில்லை என்று அமைப்பில் ஒரேயடியாகச் சொல்லியும் வைக்கலாம். அப்படி வைத்திருப்பவர்களின் மருமகன்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மேலே சொன்ன நூற்பா இணையத்தில் தலைகீழாகிறது என்பதே இப்பகுதியின் கண்டுபிடிப்பு. திரையில் காயைத் தொடலாம், தூக்கலாம், பலகை முழுக்க இழுத்துக்கொண்டு உலாவலாம், பழைய கட்டத்திலேயே விடலாம்; கேட்பாரில்லை. ஆகவே ‘தொட்டது நகர்த்துக’ செல்லாது. ஆனால் பேருந்து பள்ளத்தில் இறங்கி விரல் வழுக்கி, ராணி ஒரு கட்டம் முன்னதாக விழுந்தால் அது விழுந்ததுதான். ஃபிடே உங்கள் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்கிறது. கணினிக்கு மனத்தைப் பற்றி அக்கறையில்லை. ‘பட்டது பொறுக்க’ அங்கே ரத்து. ‘மவுஸ் சறுக்கிவிட்டது’ என்று தட்டச்சு செய்து கெஞ்சலாம்தான். ஆனால் எதிரே இருப்பவர் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர். எந்த முறையில் உறவு என்று தெரியாதவரை எப்படிக் கூப்பிட்டுக் கெஞ்சுவது? அவருக்கும் பொழுதை நீட்டிக்கும் தேவை இல்லை. உங்களை முடித்துவிட்டால் அடுத்தவர் சில விநாடிகளில் வந்துவிடுவார். தால் கழகத்து வரிசை இங்கே உலகம் முழுக்க நீள்கிறது.

கேட்கும் போதெல்லாம் முகம் சுளிக்காமல் வாபஸ் தரும் ஒரே எதிராளி அத்தளத்துக் கணினிதான். அதைப் பெருந்தன்மை என்று கொள்வார் உளர். எப்படித் திரும்ப ஆடினாலும் தானே வெல்லப் போகிறோம் என்பது தெரிந்திருந்தால் மாமாவும் தருவார்.

இறுதியாக, தீர்க்கப்படாத ஒரு வழக்கு. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும். அதன் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் நிற்கும். ஆட்டத்தின் நடுவே டீ வருகிறது, சில்லறை ஒரு ரூபாய் குறைகிறது, நாணயத்துக்குரியவர் அதைப் பலகையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இது தொட்டதா, பட்டதா? தொட்டதே, எனவே அந்தச் சிப்பாயைத்தான் நகர்த்தவேண்டும் என்பது எதிராளியின் கட்சி. நகர்த்தியாயிற்று, டீக்கடைவரை நகர்த்தியாயிற்று என்பது இவர் கட்சி. சிப்பாய் கல்லாப்பெட்டிக்குள் விழுந்துவிட்டபடியால் வெட்டுப்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்று வேடிக்கை பார்ப்பவர் ஒருவர் மூன்றாவது கட்சி கட்டுகிறார். நடைமுறையில் பலகை யாருடையதோ அவர் சொல்வதே நிற்கிறது. இல்லாவிட்டால் அவர் பலகையை மடித்துக் காய்களை உள்ளே கொட்டத் தொடங்குவார். அப்போது மற்ற இருவரும் சேர்ந்து, “சரி சரி, வை” என்பார்கள்.