முக்காடும் ஓட்டுப்பெட்டியும்

கேள்வி: காலனி ஆட்சிதான் கீழைநாட்டுப் பெண்களுக்கு விடுதலை கொடுத்தது என்கிறார்களே, நிஜமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: கெய்ரோவில் பிறந்த ஆய்வாளர் லைலா அகமது, 1992-இல் வெளியான தன் நூலில் குரோமர் பிரபுவை நமக்கு அறிமுகப்படுத்துகிறார். 1883 முதல் 1907 வரை எகிப்தை ஆட்டிவைத்த ஆங்கிலேயர். முக்காடு விலகினால்தான் எகிப்து முன்னேறும் என்று உருகியவர். உருகிய கையோடு பள்ளிக் கட்டணத்தை ஏற்றினார்; பெண் பிள்ளைகளின் படிப்பும் அதில் அடிவாங்கியது. (கரிசனம் இலவசம், பாடம் காசுக்கு!) சரி, ஊர் திரும்பிய பிறகாவது? இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று ஆண்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? பக்கத்து வீட்டு முக்காட்டை விலக்கக் கப்பலேறிய அதே பிரபுதான், சொந்த வீட்டு ஓட்டுப்பெட்டிக்குப் பூட்டோடு நின்றார்!